சேற்றில் தங்கும் கணக்கு

மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகள் சேர்ந்த பின்னரே காவிரி திருச்சியை அடைகிறது. வெள்ளக் காலத்தில் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பப்படும் உபரிநீர், ஸ்ரீரங்கம் தீவின் வடபுறமாகச் சென்று பழையாறு அருகே கடலில் கலக்கிறது. வழியிலுள்ள தொழில் நகரங்களின் கழிவும் வண்டலோடு சேர்ந்தே செல்கிறது.

ஆற்றின் தூய்மையை நாம் பெரும்பாலும் நீரைச் சோதித்தே மதிப்பிடுகிறோம். ஆனால் குரோமியம், காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகத்தில் அத்துகள்கள் திரண்டு படிகின்றன. பொருளியல் மொழியில் சொன்னால், நீர் அன்றாட வரவு செலவு. படிவோ பல ஆண்டுகளின் நிலுவை. அன்றாடக் கணக்கு சீராகத் தோன்றும்போதே நிலுவை பெருகிக்கொண்டிருக்கலாம். மேலே ஈட்டும் இலாபத்தின் செலவைக் கழிமுகத்து மீனவர் சுமக்க நேரிடலாம்.

இந்த நிலுவையை அளப்பது எளிதன்று. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இயற்கையாகவே உண்டு. ஆகவே சேற்றில் அது மிகுந்திருந்தால் உடனே ஆலைகளைக் குற்றஞ்சாட்டுவதும் தவறு. எல்லாம் இயற்கையே என்று ஆலைகள் தப்புவதும் தவறு. பாறையிலிருந்து வந்ததையும் ஆலையிலிருந்து வந்ததையும் பிரித்தறிய, மண்ணின் இயல்பான கூறாகிய அலுமினியத்தோடு ஆய்வாளர்கள் ஒப்பிடுகின்றனர். 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட காரீயம்-210இன் துணையால் படிவ அடுக்குகளின் காலத்தைக் கணித்தால், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை அறியலாம்.

இது வெறும் ஆய்வகச் செய்தியன்று. 1996ஆம் ஆண்டு வேலூர் தோல் ஆலை வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. திருச்சி உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சூழல் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. சிறிய ஆலைக்கும் பெரிய ஆலைக்கும் ஒரே தொகை என்பது தண்டனையாகலாம்; இழப்பின் விலையாகாது. அந்த விலையை நிறுவ, முன்னிருந்த அளவும் பின்னர் சேர்ந்த அளவும் வேண்டும்.

எனவே முக்கொம்பு, கல்லணை, பழையாறு ஆகிய மூன்று இடங்களிலேனும் ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் படிவத்தைச் சோதித்து, முடிவுகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமான பிறகு அதைச் சீர்செய்யப் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால், இச்செலவு மிகச் சிறிது. கணக்கெடுக்காத கடனை யாரிடமும் வசூலிக்க இயலாது.