கிளாப்டனில் எது பெஸ்ட்?

எரிக் கிளாப்டனின் ஆல்பங்களில் எது பெஸ்ட் என்று சிங்கப்பூரில் நாலு தமிழ் ராக் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேராவது ‘அன்பிளக்ட்’ என்பார்கள். ஒருவர் ‘ஸ்லோஹேண்ட்’ என்பார், அதுவும் கல்யாண விருந்துகளில் கேட்டுப் பழகிய ‘வொண்டர்ஃபுல் டுநைட்’டுக்காக. கூட்டத்தில் வயதில் மூத்த அண்ணன் ஒருவர் இருந்துவிட்டால் 1970-இல் டெரிக் அண்ட் த டாமினோஸ் என்ற பெயரில் வந்த ‘லைலா’ ஆல்பத்தைச் சொல்லி, மற்ற எல்லோரையும் சின்னப் பசங்களாக்கிவிடுவார். அப்புறம் கோப்பி ஆறும்வரை சண்டைதான்.

இந்தச் சண்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் இதில் இரண்டு கேள்விகள் வரவே வராது. ஒன்று, அந்தப் பாட்டுகள் யாருடையவை? இரண்டு, 1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்ஹாமில் என்ன நடந்தது? இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் போடுகிற எந்தப் பட்டியலும் ரசனை ஆகாது, வெறும் வசதி என்பதுதான் என் கட்சி.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1992-இல் வெளிவந்த ‘அன்பிளக்ட்’ கோடிக்கணக்கில் விற்றது. அதைப் பிடிக்கும் என்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் ‘டியர்ஸ் இன் ஹெவன்’ என்பார்கள், மெதுவாக்கப்பட்ட ‘லைலா’ என்பார்கள். நான்கு வயது மகனைப் பறிகொடுத்த தகப்பனின் பாட்டு அது. அதைக் கேட்டு உருகாதவர் யார்? ஆனால் அந்த ஆல்பத்தில் இருப்பது 14 தடங்கள். அவற்றில் 8, கறுப்பின இசைஞர்கள் இயற்றிய அல்லது அவர்கள் வாயிலாக வந்துசேர்ந்த பாட்டுகள். போ டிட்லி, பிக் பில் புரூன்ஸி, ஜிம்மி காக்ஸ், ஜெஸ்ஸி ஃபுல்லர், மடி வாட்டர்ஸ், லெட் பெல்லி பாடிப் பரப்பிய பழைய பாட்டு ஒன்று, ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தவை இரண்டு. உலகமே வீட்டில் வாங்கி வைத்திருக்கும் ஆல்பத்தில் பாதிக்கு மேல் இதுதான். ரசிகர் நினைவில் மிஞ்சியிருப்பதோ மீதிப் பாதி.

ராபர்ட் ஜான்சன் 1938-இல் 27 வயதில் இறந்துபோனார். 1936, 1937 ஆண்டுகளில் டெக்ஸஸில் அவர் பதிவு செய்தவை 29 பாட்டுகள்தான். அந்தச் சின்ன மூட்டையிலிருந்து எடுத்து எடுத்துத்தான் கிளாப்டன் பெரிய ஆளானார். 1968-இல் கிரீம் குழுவோடு வாசித்த ‘கிராஸ்ரோட்ஸ்’ அதிலிருந்து வந்தது. 2004-இல் ‘மீ அண்ட் மிஸ்டர் ஜான்சன்’ என்று ஒரு முழு ஆல்பமே போட்டார். கடனை அவர் மறைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மறைப்பது ரசிகர்கள். கடன் வெளிப்படையாகத் தெரியும் ஆல்பங்களை அவர்கள் பட்டியலின் அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. அந்த ஆகஸ்ட் இரவில் பர்மிங்ஹாம் ஓடியன் மேடையில் கிளாப்டன் குடிபோதையில் பேசினார். அரங்கில் வெளிநாட்டவர் இருந்தால் கையைத் தூக்கச் சொன்னார். நாடு நிரம்பி வழிகிறது, வந்தவர்கள் கிளம்பட்டும் என்றார். கறுப்பர்களையும் ஆசியர்களையும் இங்கே எழுதக் கூசும் வசைகளால் திட்டினார். ஈனாக் பவலை ஆதரிக்கச் சொன்னார். குடியேறிகளுக்கு எதிரான தன் பேர்போன உரையை 1968-இல் பவல் நிகழ்த்தியதும் இதே பர்மிங்ஹாமில்தான்.

போதையில் உளறினார், விடுங்க பாஸ் என்பவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். அதே 1976 ஜூனில்தான் லண்டனின் சவுத்ஹாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். தெருவில் ரத்தம் காய்வதற்குள் மேடையிலிருந்து இந்தப் பேச்சு. அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 1974-இல், பாப் மார்லியின் ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’ பாட்டைப் பாடித்தான் இதே மனிதர் அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தார். இந்த முரணைச் சுட்டிக்காட்டி ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்திலிருந்துதான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று அந்த இயக்கத்தின் அழைப்பில் பல்லாயிரம் பேர் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவரை நடந்தே போய்க் கச்சேரி கேட்டார்கள். ராக் இசை வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் உண்டு, ‘ஸ்லோஹேண்ட்’டுக்கு இருப்பதைப் போலவே.

“அதுக்குத்தான் அவரே வெட்கப்பட்டுட்டாரே!” ஆமாம். 2017-இல் வந்த ஆவணப்படத்தில் தன்னை நினைத்துத் தனக்கே அருவருப்பு என்று சொன்னார். 41 ஆண்டு கழித்து. அவர் சொன்னதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். நான் கேட்பது வேறு. அவரே தன் வாயால் ஒப்புக்கொண்ட ஒன்றை அவருடைய ரசிகர்கள் ஏன் இன்னும் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறார்கள்?

இதற்குப் பதில் இங்கிலாந்தில் இல்லை, தேக்காவில் இருக்கிறது.

“ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போகவே முடியல, ஒரே கூட்டம்.” இதைச் சொல்லாத சிங்கப்பூர்த் தமிழரை நான் அதிகம் பார்த்ததில்லை. கூட்டம் என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்துவிட்டு, ஏழாம் நாள் சிராங்கூன் சாலைக்கு வந்து ஊருக்குப் பணம் அனுப்பி, காய்கறி வாங்கி, புல்தரையில் உட்கார்ந்து நண்பனோடு பேசுகிற தமிழரும் வங்காளிகளும்தான். அன்று பர்மிங்ஹாமில் ஒருவர் மைக்கில் கத்தியதும் ‘கூட்டம்’ பற்றித்தான். நம்மவர் அதையே சன்னமான குரலில், ஏசி காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொல்கிறார்கள். காரில் ஓடுவது ப்ளூஸ்.

ப்ளூஸ் யாருடைய இசை? மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1943-இல் ரயிலேறி சிகாகோ போனார். தொழிற்சாலையில் வேலை, லாரி ஓட்டும் வேலை, ராத்திரியில் கிதார். ஊரைவிட்டு வந்த கூலியாளின் விடுமுறை இரவுப் பாட்டு அது. இது நமக்குப் புரியாத கதையா? மலாயாவில் பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிகளின் பாட்டுகளிலும் கங்காணி உண்டு, கடன் உண்டு, கரை காணாத கப்பல் பயணம் உண்டு. இவ்வளவையும் பின்னணியாக வைத்துக்கொண்டு மிசிசிப்பிக் கூலியாளுக்காக உருகுகிற காது, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நிற்கிற ஆளைக் கூட்டம் என்று மட்டும் கேட்கிறது.

2013 டிசம்பர் 8 கலவரத்துக்குப் பிறகு வந்த 2015 மதுச் சட்டப்படி, வாரக் கடைசி முழுக்க லிட்டில் இந்தியாவின் பொது இடங்களில் குடிக்க முடியாது. அதே சனிக்கிழமை இரவு, ஆற்றோரத்து பாரில் பியர் கையுமாக ‘பிஃபோர் யூ அக்யூஸ் மீ’ கேட்க எந்தத் தடையும் இல்லை. சட்டம் சரியா தப்பா என்பதைத் தனியாகப் பேசலாம். யாருடைய இசையை யார் எங்கே உட்கார்ந்து அனுபவிக்கிறார்கள் என்பதையாவது கவனிக்கலாமே?

கிளாப்டனைப் புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1966-இல் ஜான் மேயாலுடன் அவர் வாசித்த ‘ப்ளூஸ் பிரேக்கர்ஸ்’ ஆல்பத்தின் கிதார் ஒலியை இல்லையென்று சொல்ல எனக்குக் காது செவிடில்லை. பட்டியலைத் திருத்துங்கள் என்கிறேன். என் பட்டியலில் முதலிடம் 1994-இல் வந்த ‘ஃப்ரம் த கிரேடில்’. பதினாறும் ப்ளூஸ், எல்லாம் பிறர் பாட்டு, குழு ஒன்றாக உட்கார்ந்து நேரடியாக வாசித்தது. ‘தொட்டிலிலிருந்து’ என்ற பெயரிலேயே எங்கிருந்து வந்தது என்ற பணிவு இருக்கிறது. அடுத்தது 2000-இல் பி.பி. கிங்குடன் செய்த ‘ரைடிங் வித் த கிங்’. இளமையில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர் கிங். அட்டைப்படத்தில் அவர் பின் இருக்கையில் ராஜாவாகச் சாய்ந்திருக்கிறார், கார் ஓட்டுவது கிளாப்டன். யாருக்கு யார் சாரதி என்று அந்தப் படம் சொன்ன அளவுக்குக் கூட நம் ரசிகர்கள் சொன்னதில்லை.

‘அன்பிளக்ட்’டையும் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள அந்த எட்டுப் பாட்டுகளை மட்டும் தேடி, முதலில் பாடியவர்களின் குரலில் வரிசையாக ஒருமுறை கேளுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதைக் கேட்டுவிட்டு வந்து எது பெஸ்ட் என்று சொல்லுங்கள், அப்புறம் சண்டை போடலாம். கூடவே, ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவைப் பற்றிப் பேசும்போது ‘கூட்டம்’ என்ற அந்த ஒரு சொல்லையும் விட்டுவிடுங்கள்.