சரிபார்க்கும் நாற்காலி

சென்ற ஆண்டு ஜூலை மாதம், கல்விக் கடன் விண்ணப்பங்கள் குவிந்திருந்த ஒரு நாளில், ஒரு தாயும் மகளும் என் மேசைக்கு முன் வந்தமர்ந்தனர். மகளுக்கு பி.காம். முதலாண்டில் இடம் கிடைத்திருந்தது. பாடத்திட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்த தாய், "கணக்கியல் படிக்கப் போகிறவளுக்குக் கணினி நிரல் எழுதும் பாடம் எதற்கு சார்? அதையெல்லாம் இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதித் தந்துவிடுகிறதாமே?" என்று கேட்டார். அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வங்கியில் ஒரு பழைய விதி உண்டு. ஒரு பரிவர்த்தனையைப் பதிவு செய்பவர் ஒருவர். அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர் இன்னொருவர். பேரேடுகளின் காலத்திலிருந்து வரும் இவ்விதி, கோர் பேங்கிங் வந்த பின்னும் மாறவில்லை. இனி, பதிவு செய்யும் பணியில் பெரும்பகுதியைக் கணினியே பார்த்துக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்கு எஞ்சியிருப்பது சரிபார்ப்பவரின் நாற்காலி. கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்பதை அறியாதவர் அதில் அமர்ந்தால், அவர் இடும் கையொப்பத்துக்குப் பொருள் இராது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 12 விழுக்காடு, 12 மாதத் தவணை என்று இருவர் கடன் தர முன்வருவதாகக் கொள்வோம். ஒருவர், நிலுவை குறையக் குறைய வட்டியையும் குறைக்கிறார். மாதத் தவணை சுமார் 8,885 ரூபாய்; மொத்த வட்டி சுமார் 6,619 ரூபாய். மற்றவர் 'ஃப்ளாட் ரேட்' என்கிறார். அதாவது, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி. தவணை 9,333 ரூபாய். மொத்த வட்டி 12,000 ரூபாய். இரண்டும் 12 விழுக்காடு என்றே சொல்லப்பட்டாலும், இரண்டாவது கடனின் உண்மையான வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

இக்கணக்கைப் பைத்தான் மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடலாம். ஒவ்வொரு மாதமும் நிலுவைக்கு வட்டி சேர்த்து, தவணையைக் கழித்து, அதையே பன்னிரண்டு முறை திரும்பச் செய்யுமாறு பணிப்பதுதான் 'லூப்'. எழுதி முடிக்கும் மாணவிக்கு லூப்பும் விளங்கும், வட்டியும் விளங்கும். ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகக் கைபேசிச் செயலிகள் அழைக்கும் வயதில், இது தேர்வுக்கு மட்டும் உரிய பாடமன்று.

கணினி காட்டும் எண் எப்போதும் சரியே என்ற நம்பிக்கையும் முதல் வாரத்திலேயே தளர்வது நல்லது. பைத்தானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் விடை 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒன்று இரும எண்முறையில் முடிவின்றி நீள்கிறது. கணினி ஓரிடத்தில் நிறுத்திக்கொள்கிறது. ஆகவேதான் பணக்கணக்குக்கு நிரல் எழுதுவோர் பலர் தொகையைப் பைசாவாக்கி, முழு எண்ணாக வைத்துக்கொள்கின்றனர்.

நானும் வணிகவியல் படித்தவன். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் கணினி அறையில், நால்வருக்கு ஒரு கணினி. வாரத்தில் ஒரு மணி நேரம். பணியில் சேர்ந்த புதிதில், விரிதாளில் கடைசி வரியை விட்டுவிட்டுக் கூட்டிய அறிக்கையொன்றை நம்பிக்கையோடு நீட்டினேன். மேலாளர் பென்சிலால் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து, விடை என்ன வரவேண்டும் என்று தோராயமாகவேனும் தாளில் கணித்த பிறகே கணினியைத் தொடுகிறேன். தொடக்கநிலை மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். முதலில் தாளில் போடுங்கள். பிறகு நிரலாக எழுதுங்கள். பிழைச் செய்தி வந்தால் அஞ்சாமல் படியுங்கள். செயற்கை நுண்ணறிவின் உதவி அதற்குப் பின் வரட்டும்.

இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. பைத்தானும் லிப்ரே ஆபீஸும் இலவசம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ் ஒலியுடனும் கிடைக்கின்றன. மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கே கட்டணம். முதலாண்டிலேயே விலையுயர்ந்த மடிக்கணினியையும் பயிற்சி வகுப்பையும் தவணையில் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகமும் நாள்தோறும் அரை மணி நேரமும் போதும்.

அந்த மாணவி அண்மையில் கிளைக்கு வந்திருந்தார். தம் கல்விக் கடனுக்கு இதுவரை சேர்ந்த வட்டியைத் தாமே எழுதிய நிரலில் கணக்கிட்டு, எங்கள் கணக்கோடு ஒப்பிட விரும்பினார். சில ரூபாய் வேறுபட்டது. இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். அவர் எல்லா மாதங்களுக்கும் முப்பது நாள் என்று கொண்டிருந்தார். வங்கியோ நாள்கணக்கில் வட்டி போடுகிறது. காரணத்தை முதலில் கண்டறிந்தவர் அவரே. அருகில் அமர்ந்திருந்த தாய் இம்முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை.