சுமந்தவர்கள் பெயர் எங்கே?

என் கள நோட்டில் ஒரு வரி இருக்கிறது: "கூலி ஆள் – 1. நாள் – 6."

அந்த ஆறு நாளும் என்னோடு மலையேறியவர் ஐம்பது வயதைத் தாண்டிய கிணறு வெட்டும் தொழிலாளி. ஊரின் சேரிப் பகுதியைச் சேர்ந்தவர். பாறை மாதிரிகளைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துவந்தார். எரிமலைப் பாறைகளில் செம்பு எப்படிச் சேர்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மூன்று நாள் அலைந்தும் நான் தேடியது கிடைக்கவில்லை. நான்காம் நாள் அவர் கேட்டார்: "தம்பி, பச்சை பூத்த கல்லையா தேடுறீங்க? அது இங்க இல்ல. ஓடைக்கு அந்தாண்ட, நாங்க கெணறு வெட்டுனப்ப வந்துச்சு." போய்ப் பார்த்தோம். இருந்தது.

பிறகு நான் எழுதிய கட்டுரையில் அந்த இடம் "கள ஆய்வின்போது கண்டறியப்பட்டது" என்று இருக்கிறது. யார் கண்டறிந்தது? வாக்கியத்தில் ஆள் இல்லை. என் தாத்தாவும் கிணறு வெட்டியவர்தான். அவர் பேரனே இப்படி எழுதுகிறான் என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பயிற்றுவிக்கப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். என் துறை இதை எங்கே கற்றது என்று தேடியபோதுதான், ஆய்வுக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு வடதுருவ ஆற்றின் கதை வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

கனடாவின் வட எல்லையில், ஆர்க்டிக் கடலில் கலக்கிறது காப்பர்மைன் ஆறு. மரங்கள் வளராத நிலம். அதன் கரையிலுள்ள கருநிறப் பாறைகள் ஏறக்குறைய 127 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. ஒரு முறை அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட முறை வழிந்து, அடுக்கடுக்காக உறைந்து, சில கிலோமீட்டர் தடிமனுக்கு உயர்ந்திருக்கிறது. குழம்பு உறையும்போது அதிலிருந்த வாயு குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு அடுக்கின் மேற்பகுதியும் பணியாரம் போலத் துளைகளோடு இருக்கும். பின்னர் சூடான நீர் இந்தப் பாறைகளுக்குள் ஊறி ஓடியபோது, பாறையில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த செம்பைக் கரைத்து எடுத்துவந்து, துளைகளிலும் வெடிப்புகளிலும் படியவைத்தது.

செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்தே கிடைக்கும். உலையிலிட்டு உருக்கித்தான் பிரிக்க வேண்டும். காப்பர்மைனிலும் நிலப்பிளவுகளை ஒட்டி அப்படிப்பட்ட கந்தகத் தாது உண்டு. ஆனால் கந்தகம் குறைவாக இருந்த இடங்களில் செம்பு தனி உலோகமாகவே படிந்தது. பனியாறுகள் பாறையை அரைத்து அந்தக் கட்டிகளை நிலமெங்கும் இறைத்தன. அதாவது, அந்த மண்ணில் நடந்தவர்களுக்குச் செம்பு காலில் இடறியது.

நடந்தவர்கள் டெனே மக்களும் இனுயிட் மக்களும். கல்லால் தட்டித் தட்டிக் கத்தி, அம்புமுனை, பனியை உடைக்கும் உளி எல்லாம் செய்தார்கள். எந்தக் கட்டி தட்டினால் விரியும், எது பிளந்துபோகும் என்று அறிந்திருந்தார்கள். இது உலோகவியல் இல்லையென்றால் வேறு எது உலோகவியல்?

அந்தச் செம்பைப் பற்றிய செய்தி ஹட்சன் விரிகுடா கம்பெனியின் காதுக்கு எப்படிப் போனது? 1710களில் யார்க் கோட்டையில் தனடெல்தூர் என்ற டெனே இளம்பெண் இருந்தார். கிரீ மக்களிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்தவர். பகை கொண்டிருந்த இரு இனங்களுக்கிடையே சமாதானம் பேசி முடித்தவர். வடக்கே உலோகம் கிடைக்கிறது என்ற செய்தி அவர் வழியாகவும் மற்ற டெனே மக்கள் வழியாகவும் கோட்டைத் தலைவர் ஜேம்ஸ் நைட்டுக்கு எட்டியது. கம்பெனிக் குறிப்பேட்டில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? 'அடிமைப் பெண்'. தனடெல்தூர் என்ற பெயரைக் காப்பாற்றி வைத்தது டெனே மக்களின் வாய்மொழி மரபுதான். 1717இல் அவர் இறந்தார். செம்பையும் தங்கத்தையும் தேடி 1719இல் கப்பலேறிய நைட்டும் அவரது ஆட்களும் திரும்பவே இல்லை.

ஐம்பது ஆண்டு கழித்துக் கம்பெனி சாமுவேல் ஹெர்னை அனுப்பியது. முதல் இரண்டு பயணமும் தோல்வி. இரண்டாவது பயணத்திலிருந்து குளிரில் நொந்து திரும்பியவரை வழியில் சந்தித்துக் காப்பாற்றியவர் மட்டோனபி என்ற டெனே தலைவர். அவர் தோல்விக்குச் சொன்ன காரணத்தை ஹெர்ன் எழுதிவைத்திருக்கிறார்: உங்கள் கூட்டத்தில் பெண்கள் இல்லை. சுமக்க, இழுக்க, கூடாரம் அடிக்க, தோல் தைக்க, சமைக்க யார் இருக்கிறார்கள்? ஒரு பெண் இரண்டு ஆண் சுமையைச் சுமப்பாள், அவளுக்குச் செலவும் குறைவு என்பது அவர் கணக்கு.

1770 டிசம்பரில் மூன்றாவது பயணம் தொடங்கியது. இந்த முறை பெண்கள் சுமந்தார்கள். பயணம் வென்றது. ஆற்றை நெருங்கும் முன் அந்தப் பெண்களையும் குழந்தைகளையும் வழியிலேயே விட்டுவிட்டு ஆண்கள் முன்னே போனார்கள். ஆகவே ஆற்றைக் 'கண்டுபிடித்த' காட்சியில் அவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் பெயரும் வரைபடத்தில் இல்லை.

1771 ஜூலை 17 அன்று அந்த ஆண்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். அருவியருகே தூங்கிக்கொண்டிருந்த இனுயிட் மக்கள் இருபது பேருக்கும் மேல் கொல்லப்பட்டதாக ஹெர்னின் நூல் சொல்கிறது. அந்த இடத்துக்கு 'இரத்த அருவி' என்று பெயர் வந்தது. பிறகு சுரங்கத்தைப் பார்க்கப் போனார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் தேடியதில் சொல்லும்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு கட்டி. எடை நான்கு பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 2 கிலோ. அது இன்று லண்டனில் இருக்கிறது.

ஏமாற்றம் என்று கம்பெனி கருதியது. ஆனால் யாருக்கு ஏமாற்றம்? கத்தி செய்ய நிலத்தில் கிடக்கும் செம்பு போதும் என்று வாழ்ந்தவர்களுக்கு அது சுரங்கம்தான். கப்பல் நிறைய ஏற்ற நினைத்தவர்களுக்கு மட்டுமே அது வெறும் நிலம். டெனே மக்களிடம் ஒரு கதை உண்டு. செம்பை முதலில் கண்டவள் ஒரு பெண். பல ஆண்டுகள் மக்களை அங்கே அழைத்துப்போனாள். உடன் வந்த ஆண்கள் அவளிடம் அத்துமீறினார்கள். அவள் செம்பின் மேல் உட்கார்ந்துகொண்டாள், எழ மறுத்தாள். அடுத்த முறை வந்தபோது இடுப்பளவு புதைந்திருந்தாள், செம்பும் குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை அவளும் இல்லை, மேலே கிடந்த செம்பும் இல்லை. கனிமம் தீர்ந்துபோனதற்கு இப்படி ஒரு விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

இங்கே சில தோழர்கள் அவசரப்படலாம்: வெள்ளையன் சுரண்டினான், பூர்வகுடி இழந்தான், முடிந்தது கதை. அவ்வளவு எளிதில்லை. மட்டோனபி அறிவுள்ளவர், ஹெர்னின் உயிரைக் காத்தவர். அவரே பெண்களைச் சுமைமாடாகக் கணக்கிட்டவர், தூங்கியவர்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவர். டெனே சமூகத்தில் இருந்ததை நான் சாதி என்று சொல்லவில்லை. சாதி வேறு. பிறப்பால் பூட்டப்பட்டு, மதத்தால் முத்திரை குத்தப்பட்டது. ஆனால் படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் நமக்குக் கற்றுக்கொடுத்த பார்வை இங்கேயும் உதவுகிறது. மேலே இருப்பவரை மட்டும் பார்க்காதே, ஒவ்வொரு படியிலும் யார் யாரை மிதிக்கிறார் என்று பார். அப்படிப் பார்த்தால் அடிப்படியில் தெரிவது சுமந்த பெண்கள்தான்.

இன்னொரு வாதமும் வரும், என் துறையிலிருந்தே. "வழிகாட்டியது யாராகவும் இருக்கட்டும்; அளந்து எழுதியவர்தான் கண்டுபிடிப்பாளர்." சரி, அளவையைப் பார்ப்போம். ஆற்றின் முகத்துவாரத்தை ஹெர்ன் ஏறக்குறைய 72 பாகை வடக்கில் வைத்தார். உண்மையில் அது 68 பாகைக்கும் சற்றுத் தெற்கே இருக்கிறது. நானூறு கிலோமீட்டருக்கும் மேல் பிழை. கருவியோடு போனவர் தவறாக எழுதினார். கருவியில்லாதவர்கள் பனியிலும் பசியிலும் அவரைச் சரியாகக் கொண்டுசேர்த்து, சரியாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஹெர்னைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. தன் தோல்வியையும் அந்தப் படுகொலையையும் மறைக்காமல் எழுதியவர் அவர். அவர் எழுதாவிட்டால் மட்டோனபியின் கணக்கு நமக்குத் தெரிந்திருக்காது. எழுத்துக்கு மதிப்பு உண்டு. எழுத்துக்கு மட்டுமே மதிப்பு என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கல் நமக்குப் புதிதும் அல்ல.

பிறகும் இதேதான். 1821இல் ஜான் ஃபிராங்க்ளின் அந்த ஆற்றின் வழியே போய்த் திரும்பிய பயணத்தில் 20 பேரில் 11 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர். மற்றவர்கள் அநேகமாகச் சுமைதூக்கிகளும் படகோட்டிகளும். 1929இல் கனிமம் தேடி விமானத்தில் போன மெக்கால்பைன் குழு எரிபொருள் தீர்ந்து ஆர்க்டிக் கரையில் சிக்கியது. அவர்களைக் காப்பாற்றி, கடல் உறையும்வரை காத்திருந்து, பனிமேல் நடத்திக் கேம்பிரிட்ஜ் விரிகுடாவில் சேர்த்தவர்கள் இனுயிட் மக்கள். 1960களின் பிற்பகுதியில் மறுபடி ஒரு பாய்ச்சல். ஆயிரக்கணக்கில் நிலத்துண்டுகளுக்கு உரிமை கோரினார்கள், துளையிட்டார்கள். செம்பு இருந்தது, தொலைவும் செலவும் கட்டுப்படியாகவில்லை.

மாறியது வேறொன்று. 1993இன் நுனாவுட் ஒப்பந்தத்தால் ஏறக்குறைய 3,50,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் உடைமை இனுயிட் மக்களுக்கு உறுதியானது. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கில் நிலத்தடிக் கனிமமும் அவர்களுடையது. 1996 ஜனவரி 1 அன்று, ஆற்று முகத்திலுள்ள காப்பர்மைன் என்ற ஊர் குக்லுக்டுக் என்ற தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பத்தில் ஒன்று போதுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் நிலத்தில் உரிமை இருப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த மக்கள் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். கனிமம் தேடப் போகும் நம் ஊர் மலைகளில், ஓடைக்கு அந்தாண்ட கல் எங்கே இருக்கிறது என்று அறிந்தவருக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட் கூட இல்லை.

ஆய்வேட்டை இறுதி செய்யும்போது அவரிடம் போனேன். உங்கள் பெயரைப் போடப் போகிறேன், அந்த இடத்தைக் காட்டியவர் நீங்கள் என்று எழுதப் போகிறேன், சம்மதமா என்று கேட்டேன். ஏதோ பெரிய காரியம் செய்கிற பெருமிதம் எனக்கு. அவர் சிரித்தார்.

"போடுங்க தம்பி, நல்லதுதான். ஆனா ஆறு நாள்ல நாலு நாள் கூலிதான் வந்துச்சு. மீதி ரெண்டு நாளு?"

கணக்குப் பிரிவு நான்கு நாளுக்குத்தான் அனுமதித்திருந்தது. எனக்கு அது தெரியாது. நோட்டில் ஆறு என்று எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.