வினைமுதல் எங்கே?

மொழியைக் காப்போம் என்னும் முழக்கம் 1956 ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய நாள் முதல் யாழ்ப்பாணத்தில் ஓய்ந்ததில்லை. அதன் நியாயத்தை நாம் மறுக்க வரவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் தாய்மொழியைக் கந்தோரிலும் நீதிமன்றத்திலும் ஊமையாக்க முனைந்த சட்டம் அது. ஆயினும் மொழியைக் காத்தல் என்பது யாது? அரசாங்கப் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து வழுவினால் கொதித்தெழும் தமிழபிமானிகள் பலர். வடசொல்லைக் களைவதற்கு இராப்பகலாய் உழைப்போரும் உளர். ஆனால் வாக்கியத்திலிருந்து குற்றவாளி நழுவி ஓடும்போது இவர்களில் ஒருவர்க்கேனும் நோவதில்லை.

செய்தவனை இலக்கணம் வினைமுதல் என்கிறது. தன்வினையும் பிறவினையும் கீழ் வகுப்புகளிலேயே கற்பிக்கப்படுகின்றன. 'எரிந்தது' என்பது ஒன்று, 'எரித்தார்' என்பது வேறொன்று. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பராயிற்று. 'எரிந்த நூலகம்' என்று எழுதுபவரை எந்த இலக்கண ஆசிரியரும் பிழை பிடிக்க இயலாது. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. தீ வைத்த பொலிசாரும் காடையரும் மட்டும் இல்லை.

'காணாமற் போனார்' என்னும் தொடரைப் பாருங்கள். ஆடு காணாமற் போகும். பேனை காணாமற் போகும். 1996 இல் குடாநாட்டின் சோதனைச்சாவடிகளில் இராணுவத்தினர் மறித்துக் கொண்டுபோன மனிதர் எங்ஙனம் தாமாகக் காணாமற் போவர்? செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டன என்று 1998 இல், கொலைக் குற்றவாளியாய்த் தீர்க்கப்பட்ட இராணுவத்தினன் ஒருவனே நீதிமன்றத்தில் கூறினான். மறு ஆண்டு தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்டவை வெளிவந்தன, குழந்தைகளுடையவை உட்பட. இத்தனைக்கும் நடுவே, 2016 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவிய அலுவலகத்தின் பெயர் 'காணாமற்போன ஆட்கள்' என்றே அமைந்தது! 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மாரோ 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். 'போ' என்பது போய் 'ஆக்கு' வந்தது. அதிலும் ஆக்கியவர் மறைந்தே நிற்கிறார் என்பதை அத்தாய்மார் அறியாதவரல்லர், 'யாரால்?' என்பதே அவர்தம் கேள்வி.

அரசின் சொற்கள் இத்தகையன என்பதில் வியப்பில்லை. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982 இல் நிரந்தரமாக்கிய பின்பும் அதன் தலைப்பில் 'தற்காலிக' என்னும் சொல் அழியாதிருந்தது. ஆளும் வர்க்கத்திடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஆனால் ஆளும் வர்க்கத்தின் பக்கம் விரலை நீட்டிவிட்டு உறங்கப் போவதற்கில்லை. எண்பதுகளில் மின்கம்பங்களிற் கட்டிச் சுடப்பட்டவர்களின் கழுத்தில் தொங்கிய அட்டை 'சமூக விரோதி' என்றது. 'துரோகி' என்பது விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் ஆகிய மூன்றையும் தானே செய்து முடிக்கும் சொல்லாயிற்று. கொலை என்னும் சொல்லை வாய் கூசியது. 'போட்டாச்சு' என்றது ஊர். மருத்துவபீடத்து விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுடப்பட்டார். அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து, செய்தவரைப் பெயர் சொல்லி எழுதியவர் அவர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1990 ஒக்டோபர் 30 அன்று, சோனகதெருவின் முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு விதிக்கப்பட்டது. வட மாகாணம் எங்கணுமிருந்து 70,000க்கு மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். இதனையும் 'இடப்பெயர்வு' என்று எழுதும் பேனாக்கள் இன்றும் உண்டு. வெள்ளம் வந்தால் இடம்பெயர்வர். விடுதலைப் புலிகள் துப்பாக்கியோடு வந்தால் அது இடப்பெயர்வா?

இப்பழக்கம் இயக்கங்களோடு பிறந்ததன்று. 'அவர்கள் உள்ளே விடப்படுவதில்லை, அது வழமை' என்று எத்தனை தலைமுறை சொல்லிற்று! விடாதவர் எவர்? 1957 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கிய பின்பும் வழமை என்ற சொல்லின் மறைவிலேயே சாதிமான்கள் நின்றனர். 1968 இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் வாசலுக்கு வந்தபோதுதான் வழமைக்கு ஓர் ஆளும் முகமும் உண்டென்பது வெளிச்சமாயிற்று. முன்னின்று தடுத்தவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். படிப்பு வேலியை உடைக்கும் என நம்புவோர் இதைச் சற்றே சிந்திக்க.

'இதுவா தருணம்? எதிரிக்கு ஆயுதம் கொடுக்கலாமா?' என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் காலத்திலும் தருணம் வந்ததில்லை. கிளிநொச்சித் தாயின் 'யாரால்?' என்ற கேள்வியை இராணுவத்தின் முகத்துக்கு நேரே கேட்க விரும்புபவர், புத்தளத்து அகதி முகாமில் முதுமையெய்திய முஸ்லிம் தாயின் 'யாரால்?' என்ற கேள்விக்கு 'இடப்பெயர்வு' என்று எப்படி விடையிறுப்பார்? ஒரே இலக்கணத்தை இரு விதமாய்ப் படிக்க முடியாது.

ஆசிரியர்களுக்கு இதில் வேலை உண்டு, மாணவர்களுக்கும் உண்டு. 'நூலகம் எரிந்தது', 'முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்', 'ஆலயத்தில் அனுமதிக்கப்படவில்லை' என்று எவரேனும் கட்டுரை எழுதினால், சந்திப்பிழை திருத்துவதற்கு முன்பு சிவப்பு மையால் ஓரத்தில் 'யார்?' என்று எழுதுங்கள். பாடநூல் அவ்வாறு எழுதியிருப்பின், மாணவரே, உங்கள் பென்சிலைப் பாடநூலின் ஓரத்திலும் ஓட்டுங்கள்.