ஊக்கு

சேலை முந்தானையைத் தோளில் நிறுத்தும் ஊக்கை நாம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நியூயோர்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் 1849ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்று, 400 டொலருக்கு அதனை விற்றுவிட்டார். 15 டொலர்க் கடனைத் தீர்க்கவே இதனை ஆக்கினாராம்! வளைத்த ஒரே கம்பி. வளைவில் ஒரு சுருள். சுருள் விரிய முயல்வதால் முனை தலையிலுள்ள மூடிக்குள் அழுந்தி நிற்கிறது, உடம்பிற் குத்துவதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸேறும் நம் பெண்களிற் பலரோ, நெரிசலில் உரசுவோருக்கென அம்முனையைத் திறந்தே கையில் வைத்திருப்பதை நாம் அறிவோம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பாலியல் தொந்தரவுக்கு 5 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. ஊக்கின் தீர்ப்பு அடுத்த தரிப்பிடத்துக்கு முன்னரே கிடைத்துவிடுகிறது.