தமிழ்ப் பிள்ளைக்கு ஜப்பான் மொழி சொல்லித்தர இங்கிலீஷ் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி பேத்தி நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதற்காக ஜப்பானிய மொழி படிக்கிறாள். அந்த விசாவுக்கு ஜப்பானிய மொழியில் என்4 அளவுக்குத் தேற வேண்டும். இங்கிலீஷ் தெரியுமா என்று அதில் யாரும் கேட்பதில்லை. பெண் பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தவள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "எனக்கு இங்கிலீஷே சரியா வரல தாத்தா, அப்புறம் ஜப்பானிஸ் எப்படி வரும்னு கிளாஸ்ல கேக்கறாங்க. நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். "சகன க ஷிந்தெ இரு" என்று ஒரு வாக்கியம். சகன என்றால் மீன், ஷினு என்றால் சாவது. பக்கத்தில் இங்கிலீஷில் 'டையிங்' என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அதன் கீழே இவள் கையெழுத்தில், "மீன் செத்துக்கொண்டிருக்கிறது". சிவப்பு மையில் டிக்!

மீன் செத்துக்கொண்டிருக்கவில்லை ஐயா. செத்துக் கிடக்கிறது. 'ஷிந்தெ இரு' என்றால் செத்திருக்கிறது. 'தெ இரு' வந்தால் இங்கிலீஷ் 'இங்' போடு என்று ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைத்ததன் பலன் இது. "தஒரெதெ இரு" என்றால் விழுந்து கிடக்கிறார். அதை 'விழுந்துகொண்டிருக்கிறார்' என்று புரிந்துகொள்கிற பெண் முதியோர் இல்லத்தில் இரவு டியூட்டி பார்த்தால் என்ன ஆகும்? "கஸொகு க கிதெ இமஸ்" என்றால் குடும்பத்தார் வந்திருக்கிறார்கள், வாசலில் நிற்கிறார்கள். இவள் வழியில் வந்துகொண்டிருப்பதாக நினைத்துக் காத்திருப்பாள்.

நான் ஜப்பானிய மொழியில் பண்டிதன் இல்லை. அவள் சேர்ந்த நாள் முதல் அவள் புத்தகத்தின் நகலை வைத்துக்கொண்டு நானும் படித்து வருகிறேன், அவ்வளவுதான். ஆனால் வினையெச்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இங்கே வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "அச ஒகிதெ, கஒ ஒ அரத்தெ, கொஹன் ஒ தபெதெ, ப்யோஇன் எ இகிமஷ்த." சொல்லுக்குச் சொல் தமிழ்: காலையில் எழுந்து, முகத்தைக் கழுவி, சோற்றைச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு சொல்லையாவது இடம் மாற்றினேனா? கடைசிச் சொல்லை 'இகிமஸ்' என்று மாற்றினால் 'போவேன்' ஆகிவிடும். எழுந்து, கழுவி, சாப்பிட்டு மூன்றும் அசையாமல் இருக்கும். காலத்தைக் கடைசி வினை சுமக்கும், மற்றவை அதன்மேல் சாய்ந்து நிற்கும். இதே வாக்கியத்தை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியாக இறந்தகாலம் ஒட்டி, நடுவில் ஒரு 'அண்ட்' போட்டு, செயப்படுபொருளைத் தூக்கிப் பின்னால் வைத்து, அப்புறம் எல்லாவற்றையும் பழையபடி கலைத்துத் தமிழாக்க வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு மெட்ராஸ் சுற்றிப் போகிற கதை.

அந்தத் 'தெ'யின் பிறப்பைக் கேளுங்கள். பழைய ஜப்பானிய மொழியில் செயல் முடிந்துவிட்டதைக் காட்டிய ஒரு துணைவினையிலிருந்து அது வந்தது என்பது அங்குள்ள இலக்கணக்காரர்களின் பொதுவான விளக்கம். நம் 'செய்து'வைப் பிரியுங்கள். செய், த், உ. நடுவில் நிற்பது இறந்தகால இடைநிலை. பெயர் இறந்தகால வினையெச்சம், ஆனால் "நாளைக்குப் போய் வருகிறேன்" என்றும் சொல்கிறோம். இதை எனக்கு விளக்கத் தெரிந்த அளவுக்கு எந்த இங்கிலீஷ் குறிப்பேட்டுக்கும் தெரியாது.

துணைவினைகளுக்கு வந்தால் என் கோபம் இரட்டிப்பாகிறது. 'மிரு' என்றால் பார். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'ஒகு' என்றால் வை. 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. 'கொடு' என்ற பொருளுள்ள 'குரெரு' சேர்ந்தால் 'ஒஷிஎதெ குரெத', சொல்லிக்கொடுத்தார். 'மொத்தெ குரு' எடுத்து வா. 'வஸுரெதெ ஷிமத்த' மறந்துவிட்டேன், அந்த 'விட்டேன்'இல் உள்ள ஐயோவும் சேர்த்து! வகுப்பில் என்ன செய்கிறார்கள்? 'தெ மிரு' என்றால் 'ட்ரை' என்கிறார்கள். பிள்ளை அதைத் தமிழில் "சாப்பிட முயற்சி செய்கிறேன்" என்று எழுதுகிறது. அது தொண்டை வலிக்காரன் படும் பாடு. அதற்கு ஜப்பானியத்தில் வேறு அமைப்பே இருக்கிறது. ருசி எப்படி என்று சாப்பிட்டுப் பார்ப்பது வேறு, சாப்பிட முயல்வது வேறு என்று நம் வீட்டு நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

பரவலாகப் புழங்கும் மின்னா நோ நிஹோங்கோ பாடநூலில் 'தெ' வடிவம் 14ஆம் பாடத்தில் வருகிறது. 'விடு' 29இல், 'வை' 30இல், 'பார்' 40இல். இவை ஒரே மரத்தின் கிளைகள் என்று 14ஆம் பாடத்திலேயே ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் சொல்லிவிடலாம். சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் புதுப் பூதம்போல் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்.

"ஒலி மாறும் பட்டியல் கஷ்டமாச்சே சார்" என்று ஒரு பழைய மாணவர் போனில் கேட்டார். யோமு யோந்தெ ஆகும், ககு கைதெ ஆகும், தொரு தொத்தெ ஆகும். இதைப் பாட்டாகப் பாடி உருப்போட வைக்கிறார்கள். பாடட்டும், தப்பில்லை, மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் நம் கதை என்ன? செல் சென்று ஆகிறது, கல் கற்று ஆகிறது, சொல் சொல்லி ஆகிறது. மூன்றும் லகர ஈறு, மூன்றும் மூன்று வழி. பால்குடி மறப்பதற்குள் இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை, விதிமீறல் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள அந்தப் பட்டியலைக் கண்டா பயப்பட வேண்டும்?

வகுப்பு நடத்துகிறவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், பொதுவாக இங்கிலீஷ்தானே என்கிறார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெலுங்குப் பிள்ளை 'சேசி சூடு' என்பான். கன்னடப் பிள்ளை 'மாடி நோடு' என்பாள். மலையாளி 'செய்து நோக்கு', இந்திக்காரர் 'கர்கே தேகோ'. எல்லாம் 'செய்து பார்'தான். இது இல்லாத மொழி அந்த அறையில் ஒன்றே ஒன்று. அதைத்தான் பொது மொழி என்று நடுவில் உட்காரவைத்திருக்கிறீர்கள்.

இங்கே நம் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தப் பதிவைப் பார்த்ததும் "ஜப்பான் மொழி தமிழிலிருந்து பிறந்தது" என்று குடும்பக் குழுவில் ஃபார்வர்டு வரும். வேண்டாம். ஸுஸுமு ஓனோ என்ற பேராசிரியர் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி அப்படி ஓர் உறவைச் சொல்லிப் பல நூல்கள் எழுதினார். பெரிய உழைப்பாளி. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 'தெ இரு'வில் உள்ள 'இரு'வும் நம் 'இரு'வும் ஒன்றுபோல் ஒலிப்பதைப் பார்த்துத் துள்ளாதீர்கள். அவர்களுடைய சொல் பழங்காலத்தில் 'விரு' என்று இருந்தது, வகரம் பிற்பாடு தேய்ந்தது. ஒலி ஒற்றுமை தற்செயல். (பழைய 'விரு'வுக்கு உட்கார்வது என்று பொருள். நாமும் விருந்தாளியை "இருங்க" என்றுதான் உட்காரச் சொல்கிறோம். ரசிக்கலாம், ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு போகக்கூடாது.) துருக்கி மொழியிலும் கொரிய மொழியிலும்கூட இப்படிப்பட்ட எச்சங்கள் உண்டு. வினை கடைசியில் வரும் மொழிகளில் இது சகஜம். சொந்தம் இல்லாவிட்டால் என்ன, வழி தெரிந்தால் போதாதா?

எல்லாம் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. நமக்குக் 'கொண்டிரு' தனியாக உண்டு, அவர்களுக்கு இல்லை. 'தபெதெ இரு' என்றால் பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது, 'கிதெ இரு' என்றால் வந்திருப்பது. நீடிக்கிற செயலா, நொடியில் முடிகிற மாற்றமா என்று வினையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'மத்தெ' என்று எச்சத்தை மட்டும் சொன்னாலே 'கொஞ்சம் பொறு' என்று ஆகிவிடும். நாம் 'பொறுத்து' என்று சொல்லி நிறுத்தினால் எதிராளி மேலே என்ன என்று பார்ப்பார். 'யஸுகுதெ ஒஇஷீ', மலிவாகவும் சுவையாகவும் இருக்கிறது என்று பண்புச்சொல்லுக்கும் 'தெ' போடுகிறார்கள். அங்கே நம் வினையெச்சம் உதவாது. எழுவாய் மாறும்போதும் கவனம் வேண்டும். 'செய்து' எச்சமும் முடிக்கும் வினையும் ஒரே எழுவாய் கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி உண்டு. மழை பெய்து ஏரி நிறைந்தது என்பதுபோல் சில இடங்களில் தளர்த்துவோம். ஜப்பானியர் இன்னும் தாராளம். அண்ணன் டாக்டர், தம்பி வாத்தியார் என்பதைக்கூட அதே எச்சத்தால் கோத்துவிடுவார்கள். இந்த வேறுபாடுகளைச் சொல்லித்தருவதுதான் வகுப்பின் வேலை. ஒற்றுமை தெரியாதவருக்கு வேற்றுமை எங்கே தெரியும்?

குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. முப்பது வருஷம் வினையெச்சத்தை இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் நடத்தினேன். "வினையைக் கொண்டு முடியும் எச்சவினை வினையெச்சம், எ.கா. வந்து போனான்." எழுது, அடுத்த கேள்விக்குப் போ. அது எதற்குப் பயன்படும் என்று ஒரு மாணவன் கேட்டபோது பரீட்சைக்கு என்றேன். அவன் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள் தம்பி.

பேத்தி வகுப்பை நிறுத்தவில்லை. 14ஆம் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். நோட்டில் இங்கிலீஷ் வரிகளை அடித்துவிட்டு நேராகத் தமிழில் எழுதுகிறாள். முதல் ஞாயிறு மூன்று மணி நேரத்தில் 'பார், வை, விடு, கொடு, வா, போ' ஆறும் முடிந்தது. 'இரு'வுக்கு மட்டும் இரண்டு வாரம் ஆனது. அது உண்மையிலேயே கஷ்டம். ஜூலையில் தேர்வு எழுதுகிறாள்.

உங்களில் மூன்று பேர் ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறீர்கள் என்று தெரியும். பெயர் சொல்லமாட்டேன். ஞாயிறு நான்கு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருக்கிறேன். சண்டை போடவாவது வாருங்கள். வரும்போது உங்கள் மாணவர்கள் எழுதிய 'தெ இரு' வாக்கியங்கள் பத்து எடுத்து வாருங்கள், தமிழ் அர்த்தத்தோடு.