பெருங்குடலைப் படம்பிடிக்கும் கேமரா மாத்திரை: சோதனைகள் எதை அளக்கின்றன?

விழுங்கக்கூடிய கேமரா மாத்திரையைக் கொண்டு பெருங்குடலை ஆராயும் முறையை இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2021ஆம் ஆண்டு சோதனை முறையில் தொடங்கியது. 11,000 நோயாளிகளுக்கு அதை வழங்கத் திட்டமிடப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால், கொலோனோஸ்கோப்பி எனப்படும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்குக் காத்திருப்போர் பெருகியிருந்த காலம் அது. ‘இனி குழாய்ப் பரிசோதனையே தேவையில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம்.

மாத்திரை எவ்வாறு செயல்படுகிறது?

பெருங்குடலுக்கான மாத்திரை ஏறத்தாழ 3 செ.மீ. நீளமுடையது. அதன் இரு முனைகளிலும் கேமராக்கள் உள்ளன. குடலின் இயல்பான அசைவால் நகர்ந்தபடி அது எடுக்கும் படங்கள், நீங்கள் அணிந்திருக்கும் பதிவுக் கருவியைச் சென்றடையும். மயக்க மருந்து தேவையில்லை. மாத்திரை பொதுவாக மலத்துடன் வெளியேறிவிடும்.

சோதனைகள் எதை அளக்கின்றன?

மாத்திரையால் பார்க்க மட்டுமே இயலும். பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி தென்பட்டால், அதை அகற்றவும் திசு மாதிரி எடுக்கவும் கொலோனோஸ்கோப்பியே வேண்டும். ஆகவே, எத்தனை பாலிப்களை மாத்திரை கண்டறிந்தது என்பது மட்டும் போதிய அளவுகோல் அன்று. மின்கலம் தீருமுன் பெருங்குடல் முழுவதும் பதிவானதா, படங்கள் தெளிவாக இருந்தனவா, அதன் பின்னரும் எத்தனை பேருக்குக் கொலோனோஸ்கோப்பி தேவைப்பட்டது என்பவையும் கணக்கிடப்பட வேண்டும். பலருக்கு இரு பரிசோதனைகளும் தேவைப்படுமாயின், காத்திருப்போர் பட்டியல் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது.

முன்தயாரிப்பு எளிதா?

இல்லை. கொலோனோஸ்கோப்பியின்போது எஞ்சிய கழிவை மருத்துவர் நீரால் கழுவி உறிஞ்சிவிடலாம். மாத்திரைக்கு அவ்வசதி இல்லை. எனவே பேதி மருந்தை முறைப்படி அருந்துவது மிக முக்கியம். மாத்திரையை விழுங்கிய பின்னரும் அதை நகர்த்த மருந்து அருந்த வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

குடல் அடைப்பு, குடல் சுருக்கம், விழுங்குவதில் சிரமம், சிறுநீரக அல்லது இதய நோய், பேஸ்மேக்கர் ஆகியவை இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாத்திரை வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்துகொள்ளக் கூடாது.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாற்றம் ஆகியவை காணப்பட்டால், புதிய கருவி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் கொலோனோஸ்கோப்பியைப் பரிந்துரைத்தால், அதைத் தள்ளிப்போடாமல் உடனே செய்துகொள்ளுங்கள்.